வான்வழியில் வழங்கும் ஆங்கிலம்

ஆகாய விமானத்திலே இரு வகையான ஆங்கிலம் வழங்குகின்றது. ஆசனத்தில் அமர்ந்து இடுப்புப் பட்டியைப் பூட்டிக்கொண்ட பிரயாணியின் செவியில் விழுவது ஒன்று. அது வரவேற்பும் நன்றியும் கலந்த உபசார மொழி. மற்றையது, விமானிக்கும் தரையிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் இடையே வானொலி வழியாகச் செல்லும் மொழி. அதில் உபசாரமில்லை. வினைச்சொற்கள் பல உதிர்ந்துபோய், எண்களும் பெயர்களும் சில குறிச்சொற்களுமே எஞ்சியிருக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் முதன்முறையாக அதைக் கேட்டால் ஒன்றும் விளங்காது விழிப்பார். இவ்விரண்டாவது ஆங்கிலம் இலக்கணப் புலவர்கள் எவரும் இருந்து வகுத்ததன்று. அதன் சொற்களிற் சில கடலிலிருந்து வந்தவை. சில பிரான்சிலிருந்து வந்தவை. சில, மனிதர் நூற்றுக்கணக்கில் மாண்டபின் வரையறுக்கப்பட்டவை.

கடலிலிருந்து வந்தவற்றை முதலில் நோக்கலாம். விமானியைக் குறிக்கும் 'பைலற்' என்னும் சொல், விமானம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கப்பலுக்கு வழிகாட்டும் மீகாமனைக் குறித்தது. இன்றும் துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவந்து சேர்ப்பவருக்கு அதே பெயர்தான். 'கப்டன்', 'கபின்', சமையற் பகுதியைக் குறிக்கும் 'கலி', பின்புறத்துச் சுக்கானைக் குறிக்கும் 'ரடர்' என்பனவெல்லாம் கப்பற் சொற்களே. வேகத்தை அளக்கும் 'நொற்' என்னும் அலகு முடிச்சு எனப் பொருள்படும். முற்காலத்து மாலுமிகள், இடையிடையே முடிச்சிட்ட கயிற்றைக் கடலில் ஓடவிட்டு, மணற்கடிகை ஒன்று தீர்வதற்குள் எத்தனை முடிச்சுக்கள் கைவிட்டுப் போயின என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணித்தனர். ஒரு நொற் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீற்றர். ஒலியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும் விமானத்தின் விரைவும் இன்றுவரை இந்தக் கயிற்று முடிச்சின் பெயராலேயே சொல்லப்படுகின்றது.

'கொக்பிற்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் விநோதமானது. சேவற்போர் நிகழும் குழிக்கு அது பெயர். பின்னர், போர்க்கப்பலின் கீழ்த்தளத்திலே காயமுற்றோரைக் கிடத்தி வைத்தியர் சிகிச்சை செய்யும் இடத்துக்கு அப்பெயர் வந்தது. அதன்பின் சிறு படகுகளிற் சுக்கான் பிடிப்பவன் நிற்கும் பள்ளத்துக்கு வந்தது. ஈற்றில் விமானி அமரும் கூண்டுக்கு ஏறிற்று. விமானத்துக்கு இடப்பக்கமாகவே பிரயாணிகள் ஏறுவதும் கப்பல் வழக்கமே. முன்னாளிற் கப்பலைச் செலுத்தும் துடுப்பு வலப்பக்கத்தில் இருந்தமையால், இடப்பக்கத்தையே துறையோடு அணைத்துக் கட்டினர். ஆகவே இடப்பக்கம் துறைப்பக்கமாயிற்று. கப்பலின் இடப்புறத்துச் சிவப்பு விளக்கும் வலப்புறத்துப் பச்சை விளக்கும் மாறாமல் விமானத்தின் சிறகுகளில் ஏறியிருத்தலை இராப்பொழுதில் அண்ணாந்து நோக்குவோர் காணலாம்.

1903 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆந் திகதி அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் பறந்து காட்டினர். எனினும் அதனை அடுத்து வந்த ஆண்டுகளிலே பறத்தற் கலையிற் பெரும் ஊக்கங் காட்டியவர்கள் பிரான்சு நாட்டவர். ஆதலால் விமானத்தின் உறுப்புக்கள் பல பிரெஞ்சுப் பெயர் பூண்டன. விமானத்தின் உடலைக் குறிக்கும் 'ஃபியூஸலாஜ்' நூல் நூற்கும் கதிரின் வடிவை உணர்த்துவது. சிறகின் ஓரத்தில் அசையும் 'எயிலரன்' சிறு சிறகு எனப் பொருள்படும். விமானத்தை நிறுத்தும் 'ஹங்கர்' வெறும் கொட்டில். 'ஏவியேஷன்' என்னும் சொல்லையும், பறவையைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து 1863 இல் ஆக்கியவர் லா லாண்டெல் என்னும் பிரெஞ்சுக்காரரே. இனி, 'ஏரோட்ரோம்' என்பது இன்று விமானத் தளத்தைக் குறிக்கும். ஆனால் அமெரிக்க விஞ்ஞானி லாங்லி தாம் அமைத்த பறக்கும் பொறிக்கே அப்பெயரைச் சூட்டியிருந்தார். ரைட் சகோதரர்கள் பறந்த அதே 1903 இல் அவருடைய பொறி இருமுறை பொட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. பொறி தோற்றது, பெயர் தரையைப் பற்றிக்கொண்டு பிழைத்தது.

ஆங்கிலப் பேச்சு வழக்கிற் பறத்தலைப் பற்றிய தொடர்கள் பல உள. அவற்றுட் சில பறத்தலோடு உறவே இல்லாதவை. பரீட்சையிற் சிறப்பாகத் தேறியவனைப் 'பறக்கும் வண்ணங்களோடு' தேறினான் என்பர். ஆங்கே பறப்பது வெற்றியோடு துறை சேரும் கப்பலின் கொடி. சினத்தால் நிலைதவறியவன் 'பிடியிலிருந்து பறந்தான்' என்பர். ஆங்கே பறப்பது காம்பிலிருந்து கழன்ற கோடரி. மெய்யாகவே விமானிகளிடமிருந்து வந்த தொடர்கள் வேறு. எல்லையை மீற முயல்வதை 'உறையைத் தள்ளுதல்' என்று ஆங்கிலேயர் இன்று கூறுவர். ஒரு விமானம் எவ்வளவு உயரத்தில் எவ்வளவு வேகத்திற் பறக்கலாம் என்பதை வரைபடத்திற் கோடிட்டு, அக்கோட்டுக்கு 'உறை' எனப் பொறியியலாளர் பெயரிட்டனர். புதிய விமானங்களைச் சோதிப்போர் அந்தக் கோட்டின் விளிம்புவரை செல்வர். 1979 இல் ரொம் வுல்ஃப் எழுதிய நூலொன்றினால் அத்தொடர் நாடெங்கும் பரவியது. 'காற்சட்டையின் இருக்கைப் பாகத்தாற் பறத்தல்' என்பது மற்றொன்று. கருவிகள் இல்லாத காலத்தில், விமானம் சரிவதையும் எழுவதையும் ஆசனத்தில் அமர்ந்த உடம்பின் உணர்ச்சி கொண்டே விமானி அறிந்தான். அறிவு நூல் பாராது அனுபவத்தாற் காரியஞ் செய்வதற்கு அது இன்று புகழ்மொழி. ஆனால் முகிலுக்குள் புகுந்த விமானிக்கு உடம்பின் உணர்ச்சி பொய் சொல்லும். சரிந்து கொண்டிருக்கையில் நேராகச் செல்வதாகத் தோன்றும். அவ்வுணர்ச்சியை நம்பி மாண்டோர் பலர்.

இத்தகைய தொடர்கள் வீட்டிலும் வீதியிலும் வழங்குவதற்கு உகந்தவை. வானொலி வழியே விமானி பேசும் மொழிக்குள் இவற்றுக்கு இடமில்லை.

அம்மொழியில் மிகப் புகழ்பெற்ற சொல் 'மேடே' என்பது. கப்பல்கள் தந்திக் குறியினால் மட்டும் பேசிய காலத்தில் ஆபத்துக் குறியாக 'எஸ்.ஓ.எஸ்.' அமைந்தது. அதற்கு விரிவு கூறுவோர் பலர் உளர். உண்மையில் அதற்கு விரிவே கிடையாது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று தட்டுவதற்கும் கேட்பதற்கும் இலகுவாயிருந்தமையே காரணம். ஆனால் வாயினாற் பேசும் வானொலி வந்தபோது, இரைச்சலுக்கிடையே 'எஸ்' என்னும் எழுத்து வேறோர் எழுத்தாகச் செவியில் விழுந்தது. இலண்டனுக்கு அண்மையிலுள்ள குரொய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாயிருந்த ஃபிரெடெரிக் மொக்ஃபோர்ட் என்பாரிடம், யாவர்க்கும் விளங்கக்கூடிய சொல் ஒன்றைத் தெரிந்து தருமாறு 1920களின் தொடக்கத்திற் கேட்கப்பட்டது. அந்நாளில் குரொய்டனிலிருந்து சென்ற விமானங்களிற் பெரும்பாலன பாரிஸ் நகரத்து லெ பூர்ஜே நிலையத்துக்கே சென்றன. ஆகவே, 'எனக்கு உதவுக' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைப் பற்றி 'மேடே' என்றார் அவர். 1927 இல் வாஷிங்டனிற் கூடிய சர்வதேச மாநாடு அதனை ஏற்றுக்கொண்டது. அச்சொல்லை மும்முறை கூறல் வேண்டும். கூறிய மாத்திரத்தே ஏனையோர் அனைவரும் வாய்மூடுதல் வேண்டும். உடனடி ஆபத்தில்லாத இடரைக் கூறுதற்கு 'பான்-பான்' என்னும் வேறொரு சொல் உண்டு. அதுவும் பழுதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே.

'றோஜர்' என்பதைத் திரைப்படங்கள் எல்லோர் வாயிலும் ஏற்றிவிட்டன. அதனை 'ஆம்' என்று பலர் எண்ணியிருப்பது தவறு. பெற்றுக்கொண்டேன் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகிய 'ஆர்' என்பதைத் தந்தியாளர் பதிலாகத் தட்டினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 'ஆர்' எழுத்துக்கு அடையாளப் பெயர் 'றோஜர்'. ஆகவே 'றோஜர்' என்றால், நீர் கூறியது முழுவதும் என் காதில் விழுந்தது என்பது மட்டுமே. உடன்படுவதாகவோ கீழ்ப்படிவதாகவோ பொருளில்லை. கீழ்ப்படிவதற்கு 'வில்கோ' என்னும் தனிச்சொல் உண்டு. 'ஆம்' என்பதற்கு 'அஃபேர்ம்' என்பதே சொல். அதன் நீண்ட வடிவமாகிய 'அஃபேர்மேற்றிவ்' என்பதைச் சர்வதேச நியதி கைவிட்டது. முற்பகுதி இரைச்சலில் அழிந்தால் அதுவும் 'இல்லை' எனப்படும் 'நெகற்றிவ்' என்பதும் ஒரே வாலுடையனவாய் ஒலிக்கும் என்பதே காரணம். ஆம் என்பதும் இல்லை என்பதும் மயங்கும் மொழியை வைத்துக்கொண்டு விமானம் செலுத்துவது எவ்வாறு?

எழுத்துக்களைச் சொல்லும் முறையும் இவ்வாறே அமைந்தது. ஆங்கில நெடுங்கணக்கில் ஒன்றற்கொன்று ஒத்தொலிக்கும் எழுத்துக்கள் பல. பகரத்தின் வல்லொலி, மெல்லொலி இரண்டுக்கும் தனித்தனி எழுத்து அங்கே உண்டு; தமிழில் எழுதப் புகுந்தாலோ இரண்டும் 'பி' என்றே முடியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முழுச்சொல் வேண்டியிருந்தது. மொன்றியல் பல்கலைக்கழகத்து மொழியியலறிஞர் ஜோன்-போல் வினே முதலியோரின் ஆய்வின்மீது, ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் மூன்றும் பேசுவோர் வாய்க்கு எளிதான பட்டியல் ஒன்று 1951 இல் வழக்குக்கு வந்தது. பழக்கத்திற் குறை காணப்பட்டு ஐந்து சொற்கள் மாற்றப்பட்டன. அதன்பின் 1956 ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த 'அல்ஃபா, பிராவோ, சார்லி' என்னும் வரிசையே இன்றளவும் நிலைக்கின்றது. 'ஜூலியற்' என்னும் பெயரின் ஈற்றெழுத்தைப் பிரெஞ்சுக்காரர் ஒலிக்காமல் விட்டுவிடுவர் என்று அஞ்சி, அதனை இரட்டித்து எழுதினர். எண்களுக்கும் இதே கவனம். ஒன்பது என்பதற்கு 'நைன்' என்னாது 'நைனர்' என்பர். ஐந்து என்பதற்கு 'ஃபைவ்' என்னாது 'ஃபைஃப்' என்பர். இரண்டும் மயங்காமைப் பொருட்டே இம்மாற்றம். இலங்கையிற் பதிவு செய்யப்பட்ட விமானங்களின் அடையாளம் நான்கு என்னும் எண்ணும் 'ஆர்' எழுத்துமாகத் தொடங்குவது. அதனை 'ஃபோவர் றோமியோ' என்று உச்சரித்தலே முறை.

இத்தனை காவலும் இருந்தும் ஒரு சொல் காவலின்றி விடப்பட்டிருந்தது. அதுதான் 'டேக்-ஓஃப்', தரையை விட்டெழுதல்.

1977 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27 ஆந் திகதி, கனேரித் தீவுகளிலே லாஸ் பல்மாஸ் விமான நிலையத்தில் வெடிகுண்டொன்று வெடித்தது. அங்கே இறங்கவிருந்த விமானங்கள் அயலிலுள்ள தெனெரீபே தீவின் சிறிய நிலையத்துக்குத் திருப்பப்பட்டன. அவற்றுள் ஒல்லாந்து நாட்டு கே.எல்.எம். விமானம் ஒன்று, அமெரிக்க நாட்டுப் பான் அமெரிக்கன் விமானம் மற்றொன்று. இரண்டும் போயிங் 747 வகையைச் சேர்ந்த பேருருக்கள். நிலையத்தில் நெருக்கடி மிகுந்தமையால் ஓடுபாதையின் வழியாகவே அவை நகர்ந்து செல்ல வேண்டியதாயிற்று. அவ்வேளையில் மூடுபனி இறங்கியது. கோபுரத்திலிருந்தோர்க்கு விமானங்கள் தென்படவில்லை. விமானங்களுக்கு ஒன்றையொன்று தென்படவில்லை. நிலத்தில் வழிகண்டறியும் ராடார் அந்நிலையத்தில் இருக்கவில்லை. எஞ்சியிருந்தது வானொலிக் குரல் ஒன்றே.

ஒல்லாந்து விமானம் ஓடுபாதையின் முனையிலே திரும்பி நின்று, எழுந்தபின் செல்லவேண்டிய மார்க்கத்துக்கு அனுமதி கேட்டது. கோபுரம் அம்மார்க்கத்தைக் கூறியது. எழும்பியபின் எப்பக்கம் திரும்புதல் வேண்டும் என்று கூறுகையில் 'டேக்-ஓஃப்' என்னும் சொல் அதில் இடம்பெற்றது. அது மார்க்கத்துக்கான அனுமதியேயன்றி, எழுவதற்கான அனுமதியன்று. துணைவிமானி அதனைத் திருப்பிக் கூறி முடிக்குமுன்பே தலைமை விமானி விமானத்தை ஓடவிட்டார். துணைவிமானி தம் பேச்சின் ஈற்றில், 'வீ ஆர் நௌ அட் டேக்-ஓஃப்' என்றார். இத்தொடர் ஆங்கிலத்துக்கு இயல்பானதன்று. எழுமிடத்தில் நிற்கிறோம் என்று கோபுரத்திலிருந்தவர் பொருள் கொண்டார். எழுந்துகொண்டிருக்கிறோம் என்பதே பேசியவர் கருத்து. ஒல்லாந்து மொழியில், ஒரு தொழில் நிகழ்ந்துகொண்டிருப்பதை உணர்த்துவதற்கு இடத்தைக் காட்டும் உருபைச் சேர்த்துக் கூறும் வழக்கு உண்டென்றும், களைத்த நிலையில் அவ்வழக்கே ஆங்கிலத்திற் புகுந்ததென்றும் மொழியியலார் சிலர் கருதுவர்.

கோபுரத்திலிருந்தவர் 'ஓகே' என்றார். சற்றே நிறுத்தி, பொறுத்திருக்குமாறும் தாம் அழைப்பதாகவும் கூறினார். அதே கணத்தில், தாங்கள் இன்னும் ஓடுபாதையிலே இருப்பதாக அமெரிக்க விமானத்தார் பதற்றத்துடன் கூறினர். ஒரே அலைவரிசையில் இருவர் ஒருங்கே பேசியமையால் இரு பேச்சும் கலந்து கீச்சொலியாயின. ஒல்லாந்து விமானத்தில் தெளிவாகக் கேட்டது 'ஓகே' என்னும் ஒரு சொல் மாத்திரமே. அடுத்து வந்த செய்தியொன்றைக் கேட்டு ஐயுற்ற விமானப் பொறியியலாளர், மற்ற விமானம் பாதையை விட்டு விலகவில்லையா என்று வினவினார். விலகிற்று என்று உறுதியாகப் பதில் வந்தது. அனுபவத்தால் மூத்த தலைமை விமானியை அவர் மேலும் வற்புறுத்தவில்லை. சில விநாடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர். ஒல்லாந்து விமானத்திலிருந்த 248 பேருள் ஒருவரும் பிழைத்திலர். அமெரிக்க விமானத்தில் 61 பேர் உயிர் தப்பினர். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இதனினும் பெரிய விபத்து நிகழ்ந்ததில்லை.

மூடுபனியும் அவசரமும் தலைமைக்கு அஞ்சும் வழக்கமும் அவ்விபத்துக்குக் காரணங்களாயின என்பது மெய்யே. எனினும் அதன்பின் நிகழ்ந்த மாற்றங்களுள் சொற்பற்றிய மாற்றம் நினைவுகொள்ளத் தக்கது. 'டேக்-ஓஃப்' என்னும் சொல்லை, எழுவதற்கு அனுமதி கொடுக்கும்பொழுதும் அதனை மீளப்பெறும்பொழுதும் அன்றிக் கோபுரம் உச்சரித்தலாகாது. பிற இடங்களிற் 'டிபாச்சர்', அதாவது புறப்பாடு, என்னும் சொல்லையே ஆளல் வேண்டும். புறப்பாட்டுக்கு ஆயத்தமா என்று கோபுரம் கேட்கும். ஆயத்தம் என்று விமானி கூறுவார். எழுக என்னும் சொல் ஒருமுறை மட்டுமே வரும். 'ஓகே' என்பதற்கும் அம்மொழியில் இடமில்லை.

பதின்மூன்று ஆண்டுகளின்பின் நிகழ்ந்தது வேறு வகையான துன்பம். அதிற் சொல் மயங்கவில்லை. சொல்லவேண்டிய சொல் வாயில் வரவில்லை. 1990 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆந் திகதி கொலம்பியா நாட்டிலிருந்து நியூயோர்க் நகருக்கு வந்த அவியாங்கா விமானம், மோசமான காலநிலை காரணமாக ஒரு மணிநேரத்துக்கு மேலாக வானிலே வட்டமிட வைக்கப்பட்டது. எரிபொருள் அருகி வந்தது. தங்களுக்கு 'பிரயோரிற்றி', அதாவது முன்னுரிமை, வேண்டுமென்று துணைவிமானி கூறினார். ஸ்பானிய மொழியில் அதனையொத்த சொல்லுக்கு அவசரத் தொனி உண்டு. நியூயோர்க் கட்டுப்பாட்டாளர் செவியிலோ அது சாதாரண வேண்டுகோள். முதன்முறை இறங்க முயன்று முடியாமற்போனபின், ஆபத்து நிலை என்று தெரிவிக்குமாறு தலைமை விமானி தாய்மொழியிற் பணித்தார். துணைவிமானி ஆங்கிலத்தில், மீண்டும் முயல்வதாகவும் எரிபொருள் தீர்ந்து வருவதாகவும் அமைதியாகக் கூறினார். எரிபொருள் தீர்ந்து வருவதென்பது பறக்கும் விமானம் எல்லாவற்றுக்கும் பொருந்துவதன்றோ? 'மேடே' என்றாவது 'எமேர்ஜென்சி' என்றாவது அவர் கூறவில்லை. யந்திரங்கள் நான்கும் அணைந்து விமானம் நீள்தீவிலுள்ள கோவ் நெக் என்னுமிடத்தில் வீழ்ந்தது. 158 பேருள் 73 பேர் இறந்தனர். எரிவதற்கு எண்ணெய் இல்லாமையால் விமானத்தில் தீப்பற்றவில்லை.

விமானிகள் நிலைமையைத் தெளிவாகக் கூறவில்லையென்று விசாரணையாளர் குறைகண்டனர். எரிபொருட் குறைவை இத்துணையென்று உணர்த்தும் சொற்கள் இரு சாராருக்கும் பொதுவாக வரையறுக்கப்படாமையும் ஒரு காரணமே என்று அவர்கள் சேர்த்துக் கூறினர். இது நியாயமான தீர்ப்பு. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவன் தடுமாறினான் என்று மட்டும் கூறி முடித்துவிட்டால், கேட்டுக்கொண்டிருந்தவன் ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருக்கலாமே என்பது மறக்கப்பட்டுவிடும். இப்பொழுது அதற்கெனத் தனிச்சொற்கள் உள. 'மினிமம் ஃபியூயல்' என்றால் இனித் தாமதம் தாங்காது. 'மேடே ஃபியூயல்' என்றால் உடனே பாதை விடல் வேண்டும்.

1996 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆந் திகதி டில்லிக்கு அண்மையில் சர்க்கி தாத்ரி என்னும் ஊரின் வானத்திலே சவூதி விமானமும் கசக்ஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டபோதும் மொழிப் பயிற்சிக் குறை பேசப்பட்டது. அதன்பின் சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விழித்துக்கொண்டது. 2003 இல் நியதி வகுத்து, 2008 ஆம் ஆண்டு மார்ச் முதல் சர்வதேச மார்க்கங்களிற் செல்லும் விமானிகளும் கட்டுப்பாட்டாளரும் மொழித்தேர்வு ஒன்றில் தேறுதல் வேண்டுமென விதித்தது. ஆறு படிகளில் நான்காம் படியேனும் எய்துதல் வேண்டும். வகுத்த சொற்கள் போதாத வேளையில், ஒருவன் தன் இடரைச் சாதாரண ஆங்கிலத்தில் எடுத்துக் கூறவும் பிறர் கூறுவதை விளங்கிக்கொள்ளவும் வல்லனா என்பதே அத்தேர்வின் நோக்கம்.

ஆங்கிலம் ஒன்றே வானத்துக்கு உரியது என்று அந்நியதி கூறவில்லை என்பதும் அறியத்தக்கது. தரை நிலையத்து மொழியிற் பேசலாம். கேட்டால் ஆங்கிலமும் கிடைத்தல் வேண்டும் என்பதே விதி. கனடாவில் இதன்பொருட்டுப் பெரும் பூசல் விளைந்தது. கியூபெக் மாகாணத்திலே பிரெஞ்சு மொழியிலும் விமானங்களை வழிநடத்தலாம் என்ற ஏற்பாட்டை எதிர்த்து, 1976 இல் விமானிகளும் கட்டுப்பாட்டாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். இரு மொழி வழங்கினால் விமானங்கள் மோதும் என்பது அவர்கள் வாதம். ஒரு விமானி பேசுவதை மற்றவர் கேட்டு விளங்கிக்கொள்ள முடியாமற்போகும் என்பதால், அவ்வாதத்தில் அறிவு சிறிதும் இல்லையென்று கூறவியலாது. அதனை ஆராய அமைத்த விசாரணைக் குழு, இருமொழி வழக்கத்தால் ஆபத்தில்லையென 1979 இல் அறிக்கை கொடுத்தது. கியூபெக் வானத்தில் இன்றும் இரு மொழியும் வழங்குகின்றன. அங்கே பிரெஞ்சில் உரையாடும் விமானியும் 'அல்ஃபா, பிராவோ' என்றே எழுத்துக் கூட்டுகின்றார். ஆபத்து வந்தால், தம் தாய்மொழியிலிருந்து குரொய்டன் சென்று திரும்பிவந்த 'மேடே' என்னும் சொல்லையே மும்முறை கூறுவார்.